திட்டங்கள் வழியில் தேங்குவதேன்?

பெர்க்லி பொதுக்கொள்கைக் கல்விக்கூடத்தின் பணியும் அது நமக்குத் தரும் பாடமும்

"சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டார்" என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. சங்கங்களின் பொதுப்பேரவைக் கூட்டங்களில் இப்பழமொழியை நாம் கேட்காத ஆண்டில்லை. மேலிடம் திட்டத்தை அறிவித்துவிட்டது, பணமும் ஒதுக்கப்பட்டுவிட்டது, செய்தித்தாளிலும் வந்துவிட்டது. ஆயினும் நூலோ, தறியோ, கிடங்கோ, கடனோ அங்கத்தினரின் கைக்கு வந்து சேர்ந்தபாடில்லை. இடையில் நிற்கும் யாரோ ஒருவர் தடுக்கிறார் என்று மக்கள் முடிவு கட்டுகிறார்கள். அந்த 'யாரோ ஒருவர்' பெரும்பாலும் கூட்டுறவு ஆய்வாளராகவே கருதப்படுவது வழக்கமாதலால், இப்பழமொழியின் உண்மையை ஆராய்வதில் நமக்குத் தனிப்பட்ட அக்கறையும் உண்டு.

நாம் மட்டும் இக்கேள்வியைக் கேட்கவில்லை. கடல்கடந்த ஒரு பல்கலைக்கழகத்தில், இதனையே முழுநேர ஆராய்ச்சியாகக் கொண்ட ஒரு கல்விக்கூடம் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வருகிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலுள்ள கோல்ட்மன் பொதுக்கொள்கைக் கல்விக்கூடமே அது. நாம் அங்கே சென்று கண்டவரல்லோம். அக்கல்விக்கூடத்தார் எழுதிய நூல்களைப் படித்து அறிந்தவற்றை, நம் சங்கங்களின் அனுபவத்தோடு ஒட்டிப் பார்த்து இங்கே எழுதுகிறோம்.

கல்விக்கூடத்தின் தோற்றம்

இக்கல்விக்கூடம் 1969ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. பட்டம் பெற்ற மாணவர்களுக்குப் பொதுக்கொள்கையைத் தனியொரு துறையாகக் கற்பிக்கும் பொருட்டு அமெரிக்காவில் முதன்முதலில் தோன்றிய கல்விக்கூடங்களுள் இதுவும் ஒன்று. இதன் முதல் தலைவராக விளங்கியவர் ஆரன் வில்டாவ்ஸ்கி என்னும் அரசியல் அறிஞர். நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் 1930இல் பிறந்தவர், 1993இல் காலமானார். அரசாங்க வரவுசெலவுத் திட்டங்கள் எவ்வாறு பேரத்தால் உருவாகின்றன என்பதை 1964இல் ஒரு நூலாக எழுதிப் புகழ்பெற்றவர். 1997இல் ரிச்சர்டு கோல்ட்மன், ரோடா கோல்ட்மன் தம்பதியரின் பெயர் இக்கல்விக்கூடத்திற்குச் சூட்டப்பட்டது. பல்கலைக்கழகத்தின் வடபுறத்தில், 1893இல் மாணவர் விடுதியாகக் கட்டப்பட்ட ஒரு பழைய மரவீட்டில் இது குடிகொண்டது.

இங்கே முதுகலைப் பட்டத்திற்குரிய படிப்பு இரண்டு ஆண்டுகள். பொருளாதாரம், புள்ளியியல், சட்டம், அரசியல் நடைமுறை, நிர்வாகம் ஆகியவை பாடங்கள். எனினும் வகுப்பறையோடு கல்வி முடிந்துவிடுவதில்லை. முதலாண்டுக்கும் இரண்டாமாண்டுக்கும் இடைப்பட்ட கோடை விடுமுறையில் மாணவர்கள் அரசு அலுவலகங்களிலும் பொதுநல நிறுவனங்களிலும் வேலை பார்க்க வேண்டும். இறுதிப் பருவத்தில், ஏட்டுச் சுரைக்காயாக இல்லாமல், உண்மையான ஓர் அலுவலகம் அல்லது நிறுவனம் தனக்குள்ள உண்மையான சிக்கலைக் கொண்டுவந்து கொடுக்க, அதனை ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும். நோயாளியைத் தொட்டுப் பார்க்காமல் வைத்தியம் பயில முடியாது என்பது இக்கல்விக்கூடத்தாரின் கொள்கை என்று சொல்லலாம்.

ஓக்லாந்து நகரின் கதை

பெர்க்லிக்குத் தென்புறத்தில் அடுத்திருப்பது ஓக்லாந்து என்னும் துறைமுக நகரம். 1960களில் அந்நகரில் வேலையின்மை நாட்டின் சராசரியைப் போல இருமடங்குக்கு மேல் இருந்தது. கறுப்பின மக்களே அதனால் மிகவும் வாடினர். 1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் பெருங்கலவரம் மூண்டபோது, அடுத்தது ஓக்லாந்துதானோ என்னும் அச்சம் எழுந்தது. அவ்வாண்டில் புதிதாகத் தோன்றிய மத்திய அரசின் பொருளாதார அபிவிருத்தி நிர்வாகம் என்னும் துறை, இந்நகரை ஒரு முன்மாதிரியாக்க உறுதி பூண்டது.

1966 ஏப்ரலில் திட்டம் அறிவிக்கப்பட்டது. மொத்தத் தொகை 2 கோடியே 32 லட்சத்து 89 ஆயிரம் டாலர். விமானப் பழுதுபார்ப்புக் கூடத்திற்கு 1 கோடியே 6 லட்சத்து 50 ஆயிரம்; கப்பல் சரக்குத் துறைக்கு 1 கோடியே 1 லட்சத்து 25 ஆயிரம்; தொழிற்பேட்டைக்கு 21 லட்சம்; விளையாட்டரங்கத்திற்குச் செல்லும் சாலைக்கு 4 லட்சத்து 14 ஆயிரம். இவற்றால் 3,000 பேருக்கு வேலை கிடைக்கும் என்று சொல்லப்பட்டது. பணம் இருந்தது, சட்ட அதிகாரம் இருந்தது, நகர மேயர் முதல் வாஷிங்டன் வரையில் எதிர்த்தவர் எவருமில்லை. சாமி மனமுவந்து வரம் கொடுத்துவிட்டது.

மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1969இல் பார்த்தபோது செலவாகியிருந்த தொகை சுமார் 30 லட்சம் டாலர். அதிலும் பெரும்பகுதி விளையாட்டரங்கச் சாலையின் மேம்பாலத்திற்கும் கட்டடக் கலைஞரின் ஊதியத்திற்கும் போயிருந்தது. வேலை பெற்றவர் மிகச் சிலரே.

வில்டாவ்ஸ்கியும் அவருடைய மாணவர்களும் அக்காலத்தில் ஓக்லாந்து நகராட்சி அலுவலகங்களுக்கே சென்று, அங்குள்ளவர்களோடு இருந்து வேலை செய்தும் கவனித்தும் ஆராய்ச்சி நடத்தி வந்தனர். அவர்களுள் ஜெஃப்ரி பிரெஸ்மன் என்பவரும் வில்டாவ்ஸ்கியும் இத்திட்டத்தின் கதையை ஆதியோடந்தமாகத் துருவி, 1973இல் ஒரு நூலாக வெளியிட்டனர். 'இம்ப்ளிமென்டேஷன்', அதாவது 'நிறைவேற்றம்' என்பது அந்நூலின் பெயர்.

பூசாரி ஒருவர் அல்லர்

அவர்கள் குற்றவாளியைத் தேடிப் போனார்கள், ஒருவரும் அகப்படவில்லை. ஊழல் பெரிதாக இல்லை, பகை இல்லை, பிடிவாதமாக மறுத்தவரும் இல்லை. பின் என்ன நேர்ந்தது? விமானக் கூடத்தின் மதிப்பீடு காலதாமதத்தால் ஏறியது. ஏறிய செலவை யார் ஏற்பது என்ற வாதம் வந்தது. சரக்குத் துறையைப் பற்றி, அருகிலிருந்த கடற்படை விமானதளம் ஓர் ஆட்சேபம் எழுப்பியது. வேலைக்கு வருவோருக்குப் பயிற்சி தர ஒன்றுக்கு மேற்பட்ட துறைகளின் இசைவு தேவைப்பட்டது. ஒவ்வொரு தடையும் தனித்தனியே பார்த்தால் நியாயமானது, சிறியது, தீர்க்கக்கூடியது. எல்லாம் சேர்ந்தபோதுதான் திட்டம் அசைவற்று நின்றது.

ஒரு காரியத்தில் மனதார உடன்பட்டவர்களும் ஏன் தாமதிக்கிறார்கள் என்பதற்கு அந்நூலாசிரியர்கள் பல காரணங்களைக் காட்டுகிறார்கள். ஒருவருக்கு வேறு கடமையோடு இது முரண்படுகிறது. மற்றொருவருக்கு இதைவிட வேறொரு திட்டத்தின்மேல் நாட்டம். இன்னொருவர் ஒரே காலத்தில் பத்து வேலைகளை ஏற்றிருக்கிறார். வேறொருவர் விருப்பமுள்ளவர், ஆனால் அதிகாரமற்றவர். மற்றொருவருக்கு இது அவசரமாகத் தோன்றவில்லை. நம் அலுவலகங்களையும் சங்கங்களையும் அறிந்தவர்கள் இவ்வைவரையும் முகம்பார்த்தே அடையாளம் சொல்லிவிடலாம்.

நூலாசிரியர்கள் அத்தோடு நில்லாமல் கணக்கும் போட்டார்கள். தொடக்கம் முதல் இறுதி வரை அத்திட்டம் 30 முடிவுக் கட்டங்களைக் கடக்க வேண்டியிருந்தது. அவற்றில் மொத்தம் 70 இசைவுகள் தேவைப்பட்டன. ஒவ்வோர் இசைவையும் ஒரு கதவு எனக் கொள்வோம். ஒரு கதவு திறப்பதற்கு நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பு உண்டென்று வைத்துக்கொண்டால், அது மிக நல்ல வாய்ப்பென்றே எவரும் சொல்வர். ஆனால் ஏழு கதவுகள் அடுத்தடுத்து இருந்தால், ஏழும் திறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐம்பதுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஒவ்வொரு கதவுக்கும் தொண்ணூற்றைந்து வாய்ப்பு என்றாலும் பதினான்கு கதவுகளோடு கதை முடிகிறது. தொண்ணூற்றொன்பது வாய்ப்பே கொடுத்தாலும், எழுபது கதவுகளைத் தாண்டும்போது பாதிதான் மிஞ்சுகிறது. ஆகவே அவர்கள் கேட்டது, திட்டங்கள் ஏன் தோற்கின்றன என்பதன்று. இவ்வளவையும் தாண்டிச் சில திட்டங்கள் எவ்வாறு வெல்கின்றன என்பதே வியப்பு என்றார்கள்.

பாவில் ஓர் இழை அறுந்தால் தறி நின்றுவிடும். ஆயினும் நெசவாளர் அதனை அக்கணமே பிணைத்து நெய்யத் தொடங்குகிறார். அறுந்த இழை அவர் கண்முன்னே இருக்கிறது. எழுபது மேசைகளுக்கிடையே அறுந்த இழை ஒருவர் கண்ணிலும் படுவதில்லை. ஒவ்வொருவரும் தம் இழை அறாமல் இருப்பதைப் பார்த்துத் திருப்தியடைகின்றனர். துணி மட்டும் வரவில்லை.

நம் மேசைமேல் இருந்த ஒரு கோப்பு

இந்நூலைப் படித்தபோது நமக்கு நினைவுக்கு வந்தது ஒரு கோப்பு. அதனை மறைப்பது முறையன்று. நாம் இப்பணியில் சேர்ந்த புதிதில், நிலக்கடலை பயிரிடுவோர் மிகுந்த ஒரு சங்கத்திற்குக் கூரையுடன் கூடிய உலர்களம் அமைக்க ஏற்பாடாயிற்று. நிர்வாகக் குழுவின் தீர்மானம், பொதுப்பேரவையின் ஒப்புதல், நமது ஆய்வறிக்கை, வில்லங்கச் சான்று, வழக்கறிஞரின் கருத்துரை, பொறியாளரின் மதிப்பீடு, ஊராட்சியின் அனுமதி, மேலலுவலகத்தின் இசைவு, வங்கியின் கடன் அனுமதி, விலைப்புள்ளி ஏற்பு, மின் இணைப்பு என அதற்குப் பதினோரு கதவுகள். ஒவ்வொன்றுக்கும் தொண்ணூறு வாய்ப்பு என்று கணக்கிட்டால், பதினொன்றும் உரிய காலத்தில் திறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 31 மட்டுமே. அன்று நமக்கு இக்கணக்கு தெரியாது.

பதினொன்றில் ஒரு கதவு நம்முடையது. வேறு சங்கங்களின் தணிக்கையும் வசூல் வேலையும் நெருக்கியதால், நமது அறிக்கை ஏழு வாரம் தாமதமாயிற்று. ஏழு வாரம் பெரிதல்ல என்றே அன்று எண்ணினோம். ஆனால் அதற்குள் கட்டுமானப் பொருள்களின் விலைவிகிதம் மாறி, மதிப்பீடு செல்லாததாகிவிட்டது. புதிய மதிப்பீடு வந்தது, தொகை கூடியது, கூடிய தொகைக்கு மீண்டும் பொதுப்பேரவை கூட வேண்டியதாயிற்று. அவ்வாண்டு அறுவடையின்போது மழை பிடித்துக்கொண்டது. வெட்டவெளியில் குவித்திருந்த கடலை நனைந்து கறுத்துப் பூஞ்சணம் பிடித்தது. வியாபாரி கேட்ட விலைக்கே கொடுக்க வேண்டிய நிலைமை அங்கத்தினருக்கு வந்தது.

அடுத்த முறை அவ்வூருக்குச் சென்றபோது, வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர் நம்மைத் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். கோபமாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. "யாருமே முடியாதுன்னு சொல்லலீங்க ஐயா. ஆனா களமும் வரலீங்க" என்று மட்டும் சொன்னார். ஓக்லாந்தைப் பற்றி இரு பேராசிரியர்கள் ஒரு நூல் முழுவதும் எழுதியதை அவர் இரண்டு வாக்கியங்களில் அடக்கிவிட்டார் என்பது பிற்பாடுதான் நமக்கு விளங்கிற்று.

எட்டுப் படிகள்

பெர்க்லிக் கல்விக்கூடத்தில் நெடுங்காலம் ஆசிரியராயிருந்த யூஜின் பார்டாக் என்பவர், கொள்கை ஆராய்ச்சியை எட்டுப் படிகளாகப் பகுத்து மாணவர்க்குக் கற்பித்தார். சிக்கலை வரையறு, சான்றுகளைத் திரட்டு, மாற்று வழிகளை வகு, அளவுகோல்களைத் தேர்ந்தெடு, ஒவ்வொரு வழியின் விளைவையும் கணி, ஒன்றைப் பெற மற்றொன்றில் எதை இழக்கிறோம் என்று எடைபோடு, முடிவு செய், முடிவைப் பிறர்க்கு எடுத்துச் சொல். இவையே அந்த எட்டு. இவை உலகெங்கும் பொதுக்கொள்கை மாணவர்களால் பயிலப்படுகின்றன.

இவற்றுள் முதற்படியே கடினமானது. தீர்வைச் சிக்கலுக்குள் புகுத்திவிடாதே என்று பார்டாக் எச்சரிக்கிறார். "எங்கள் சங்கத்திற்கு உலர்களம் இல்லை" என்று நாம் எழுதினால், களம் கட்டுவது ஒன்றே வழியென்று முன்னதாகவே முடிவு செய்துவிட்டோம். "அறுவடைக்கும் விற்பனைக்கும் இடையில் கடலை நனைந்து விலை குறைகிறது" என்று எழுதியிருந்தால், வேறு வழிகளும் கண்ணில் பட்டிருக்கும். தார்ப்பாய்களைச் சங்கம் வாங்கி வாடகைக்கு விடலாம், மூடிக்கிடக்கும் ஆலையின் களத்தைப் பருவத்திற்கு மட்டும் குத்தகைக்கு எடுக்கலாம், களமும் கட்டலாம். ஒன்றும் செய்யாமல் இருந்தால் என்ன நேரும் என்பதையும் ஒரு வழியாக எழுதி ஒப்பிட வேண்டும் என்பது பார்டாக்கின் அறிவுரை.

அச்சங்கம் மறு ஆண்டில் தார்ப்பாய்களையே வாங்கியது. நிர்வாகக் குழுவின் தீர்மானம், விலைப்புள்ளி, நமது ஒப்புதல் என மூன்றே கதவுகள். மூன்று கதவுகளுக்கு நூற்றுக்கு 73 வாய்ப்பு உண்டு. இம்முறை நமது கதவு அன்றைக்கே திறந்தது. தார்ப்பாய் உலர்களத்திற்கு ஈடாகாது. ஆயினும் அவ்வாண்டு கடலை நனையவில்லை.

இறுதிப் படியைப் பற்றியும் ஒரு சொல். ஆராய்ந்தவர் தம் முடிவை நியூயார்க் நகரத்து வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவருக்குச் சுருக்கமாக விளங்கச் சொல்லக்கூடியவராய் இருக்க வேண்டும் என்று பார்டாக் கூறுகிறார். சொல்ல முடியாவிடில், அவருக்கே அது இன்னும் விளங்கவில்லை என்பது பொருள். நம் ஆண்டறிக்கைகளை அங்கத்தினர் முன் படிப்பவர்கள் இச்சோதனையைச் செய்து பார்ப்பது நலம்.

மறுமுறை தட்டுதல்

கதவுகள் எல்லாம் வீண் என்று எவரும் எண்ணிவிடலாகாது. வில்லங்கச் சான்று கேட்பது, பிறர் நிலத்தில் அங்கத்தினரின் பணத்தைப் புதைக்காமலிருக்கவே. தணிக்கை செய்வது, பலருடைய பங்குத்தொகை சிலருடைய கைக்குப் போகாமலிருக்கவே. காவல் கதவுகளைப் பிடுங்கி எறிந்த சங்கங்கள் என்ன ஆயின என்பதும் நாம் அறியாததன்று. பொருளுள்ள கதவு எது, பழக்கத்தால் நிற்கும் கதவு எது என்று பிரித்தறிவதே வேண்டுவது.

மேலும், பெர்க்லியாரின் கணக்குக்கு மறுமொழியும் உண்டு. எலினார் பொவன் என்னும் ஆராய்ச்சியாளர் 1982இல் ஒரு கட்டுரையில் அக்கணக்கை மீண்டும் ஆராய்ந்தார். கதவு ஒருமுறை திறவாவிட்டால் அத்தோடு திட்டம் செத்துவிட்டது என்று பிரெஸ்மனும் வில்டாவ்ஸ்கியும் கொண்டது சரியா? உலகில் எவரும் ஒருமுறை தட்டிவிட்டுத் திரும்பிப் போவதில்லையே! மறுமுறை தட்டினால் வாய்ப்பு எவ்வளவோ கூடிவிடுகிறது. நமது பதினோரு கதவுகளையே கொள்வோம். தொண்ணூறு வாய்ப்புள்ள கதவை இரண்டாம் முறையும் தட்டலாம் என்றால், அது திறக்கும் வாய்ப்பு 99 ஆகிறது. அப்படிப் பதினோரு கதவுகளையும் கடக்கும் வாய்ப்பு 31லிருந்து 89க்கு மேல் உயர்கிறது. 'அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்' என்று நம் முன்னோர் சொன்னதற்கு இதைவிட நல்ல கணக்கு வேண்டுவதில்லை.

ஓக்லாந்திலிருந்து பெறத்தக்க மற்றொரு படிப்பினையும் உண்டு. அங்கே முதலில் கட்டடத்திற்குப் பணம் கொடுத்து, அதிலிருந்து வேலை பிறக்குமென்று காத்திருந்தனர். இச்சுற்றுவழியையே நூலாசிரியர்கள் குறை கூறினர். வேலை கொடுப்பதுதான் நோக்கமானால், வேலை கொடுத்தபின் கூலிக்கு உதவி செய்வது நேர்வழி என்றனர். எந்தப் பயனை நாடுகிறோமோ அதற்கு மிக அருகில் பணத்தைச் செலுத்து என்பது இதன் சாரம்.

நாம் செய்யக்கூடியவை

ஆகவே நிர்வாகக் குழுவினரும் அங்கத்தினரும் ஒரு சிறு வேலையை மேற்கொள்ள வேண்டுகிறோம். எந்தத் திட்டத்திற்கும் தீர்மானம் இயற்றும் முன், அது கடக்க வேண்டிய கதவுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே பொறுப்பாளரையும் தேதியையும் குறியுங்கள். ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்கத் தேவையில்லாதவற்றை ஒரே காலத்தில் தட்டுங்கள். ஏழுக்கு மேல் போனால், இதே பயனைக் குறைந்த கதவுகளில் பெற வழியுண்டா என்று பேரவையில் கேளுங்கள். அத்தாளைச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அறுந்த இழை எது என்பது அனைவர் கண்ணிலும் படட்டும்.

அப்பட்டியலில் கூட்டுறவு ஆய்வாளரின் பெயரும் இருக்கும். குறித்த தேதி கடந்துவிட்டால் தயங்காமல் அவர் கதவையும் மறுமுறை தட்டுங்கள். நாம் வருந்தமாட்டோம். ஒரு பருவத்துக் கடலை நனைந்ததைக் கண்டபின் அந்த உரிமையை அங்கத்தினருக்கு மறுக்க நமக்கு வாயில்லை.